கையெழுத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டை விட்டு வண்டி கிளம்பும்போதே மழை பிடித்துக்கொண்டது.

கொட்டித் தீர்க்கிற மழை இல்லை. ஜன்னல் கண்ணாடியில் ஒரு துளி வந்து ஒட்டி, இறங்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்து... பிறகு சட்டென்று வழுக்கி ஓடுகிற ஐப்பசி மழை.

அன்புக்கரசிக்கு அதை ரசிக்க நேரமில்லை. மடியில் டைரி. உதட்டில் முணுமுணுப்பு. இன்று புது வேலையில் முதல் நாள்.

“வணக்கம். நான் அன்புக்கரசி. உங்களோட ட்ரெயினிங் ஆபீசர். காலேஜ் முடிச்சு வேலைக்கு வர்ற உங்களுக்கு நாலு விஷயம் ரொம்ப முக்கியம். ஒண்ணு, நேரந்தவறாமை. ரெண்டு, சேர்ந்து வேலை செய்றது. நாலு...”

“மூணு போச்சுங்க.”

பின் இருக்கையிலிருந்து வந்த குரல், பஸ்ஸின் முன்னால் உட்கார்ந்திருந்த டிரைவருக்கே கேட்டிருக்கும். திடுக்கிட்டுத் திரும்பினாள்.

முப்பது வயதிருக்கும். மாநிறம். நெற்றியில் விபூதிக் கீற்று. கண்கள்தான்... சிரிப்பு உதட்டுக்கு வருவதற்கு முன்பே அங்கே வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது.

“நான் உங்ககிட்ட கேட்டனா?”

“கேக்கலதான். ஆனா ஏறுனதுலேருந்து மூணு தரம் சொல்லிட்டீங்க. ரெண்டு தரம் மூணாவது இருந்துச்சு. இப்பக் காணோம்.”

பக்கத்து இருக்கை அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்புக்கரசிக்குக் காது மடல் சூடேறியது.

“அடுத்தவங்க பேசுறத ஒட்டுக் கேக்குறது நல்ல பழக்கமா?”

“நல்ல பழக்கமில்லதான். நான் ஒரு விஷயம் சொல்லட்டா? கோச்சுக்கக் கூடாது. இப்பிடி ஒண்ணு, ரெண்டுன்னு வாசிச்சீங்கன்னா அந்தப் புள்ளைங்க தூங்கிப்போகும்.”

அவள் டைரியைப் படாரென்று மூடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோயம்புத்தூரில் இரண்டு வருடம் இதே வேலை பார்த்தவள். ஒருவரும் தூங்கியதில்லை... அநேகமாக.

வடமதுரை தாண்டி, மில் ஸ்டாப்பில் இறங்கினாள். அவனும் இறங்கினான்.

“எதுக்கு என் பின்னாடியே வர்றீங்க?”

“உங்க பின்னாடியா? எங்க மில்லுக்குப் போறேன். பதினோரு வருசமா இதே பாதைதான்.”

அவள் தெருமுனையில் தெரிந்த நூல் மில்லின் கேட்டைப் பார்த்தாள். ஐயோ... இதே மில்லா?

அவன் குடையை விரித்து நீட்டினான். அவள் தலையை அசைத்துவிட்டு மழைக்குள் நடந்தாள். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தால், அவன் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவனும் நனைந்துகொண்டே வந்தான்.

“குடையை வச்சுக்கிட்டு ஏங்க நனையிறீங்க?”

“நீங்க மட்டும் நனைஞ்சு போனா கேட்டுல இருக்கவங்க என்னயத்தான ஏசுவாங்க?”

சிரிப்பு வந்துவிட்டது. அவன் பார்த்துவிடக் கூடாதே என்று அவள் வேகமாக நடந்தாள்.

* * *

பர்சனல் மேனேஜர் கமர்ஜஹான் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை.

“போன வருஷம் பன்னெண்டு பட்டதாரிகள எடுத்தோம்மா. ஆறு மாசத்துல ஒம்போது பேரு போயாச்சு. இந்த வருஷம் பத்துப் பேரு. மூணு மாசம் உன் கையில. இவங்களும் போயிட்டா, ட்ரெயினிங்குக்குன்னு தனியா ஒரு ஆளு எதுக்குன்னு எம்.டி. கேப்பாரு. எங்கிட்ட பதில் இல்ல.”

“போக மாட்டாங்க மேடம்.”

“இன்ஷா அல்லாஹ். மெஷின் பக்கம் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் பாத்துக்குவாரு. வேலையில கெட்டிக்காரரு. வாய்தான்... இந்தா வந்துட்டாரே. சங்கிலி, இதான் நம்ம புது ட்ரெயினிங் ஆபீசர்.”

ஈரத் தலையைத் துவட்டியபடி உள்ளே வந்த சங்கிலி, “வணக்கம் மேடம்” என்றான். முகம் பவ்யமாக இருந்தது. கண் மட்டும் ‘மூணாவது கெடச்சுச்சா?’ என்று கேட்டது.

முதல் வாரம் முழுக்கச் சண்டை. அவள் காலையில் இரண்டு மணி நேரம் வகுப்பு வேண்டும் என்றாள். “மெஷினுக்கு முன்னாடி நிக்காம எவனும் மெஷினப் படிச்சதில்ல” என்றான் அவன். கடைசியில் ஒரு மணி நேரத்துக்குப் பேரம் படிந்தது.

ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில்... அவன் சொன்னதுபோலவே இரண்டாம் நாள் பிரிட்டோ என்கிற பையன் தூங்கிவிட்டான். அன்புக்கரசி அன்றே டைரியைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

“நேத்து மெஷின்ல என்ன புரியல? சொல்லுங்க.”

பத்துப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புரியாதது ஒன்றுமே இல்லையாம்.

அவளுக்குப் புரிந்தது. பி.இ. முடித்துவிட்டு இது தெரியாது என்று எப்படிச் சொல்வது? அதுவும் சங்கிலியிடம்? இருபத்துநாலு மணி நேரமும் இரைகிற ஹாலில் கத்திக் கத்தியே பழகிய குரல் அவனுடையது. ‘சாப்பிட்டியாப்பா’ என்று கேட்டாலே திட்டுவதுபோல் இருக்கும்.

ஆளுக்கொரு துண்டுச் சீட்டுக் கொடுத்தாள். “பேர் எழுத வேணாம். கேக்கக் கூச்சமா இருக்கத மட்டும் எழுதுங்க.”

முப்பத்தேழு கேள்விகள் வந்தன.

மாலை ஷிஃப்ட் முடிந்ததும் கேன்டீனில் அவன் முன்னால் அத்தனையையும் கொட்டினாள். சங்கிலி ஒவ்வொன்றாகப் படித்தான். முகத்தில் இருந்த கேலி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது.

“இம்புட்டும் தெரியாமத்தான் தலைய தலைய ஆட்டுனாய்ங்களா?”

“மொதல்ல எனக்குச் சொல்லுங்க. எனக்குப் புரிஞ்சா அவங்களுக்கும் புரியும்.”

அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு அரை மணி நேரம். டீ ஆறிப்போக, அவன் பில் காகிதத்தின் பின்பக்கம் படம் வரைவான். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்பாள். பஞ்சு எப்படி இழையாகிறது, இழை எப்படி முறுக்கேறுகிறது... சொல்லும்போது அந்தப் பெரிய குரல் எங்கே போகிறதோ, தாழ்ந்துவிடும். இந்த ஆள் இப்படிப் பேசுவதை அந்தப் பிள்ளைகள் கேட்டதே இல்லையே என்று நினைப்பாள். நகக்கண்ணில் கறுப்பு மசகு ஒட்டிய அந்த விரல்களைத் தான் அதிக நேரம் பார்ப்பது தெரிந்ததும், அவசரமாக டீயை எடுத்துக் குடிப்பாள்.

ஒரு சீட்டில் இப்படி இருந்தது: ‘பேரிங் கெட்டுப்போச்சுன்னு சத்தத்தை வச்சே எப்பிடி சார் கண்டுபிடிக்கிறாரு?’

“இத வரைஞ்சு காட்ட முடியாது. வாங்க.”

ஹாலுக்குள் கூட்டிப்போனான். ஓடுகிற மெஷினின் ஓரத்தில் நீளத் திருப்புளியின் முனையை ஊன்றி, அதன் மரக் கைப்பிடியைத் தன் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் வைத்துக் காட்டினான். பிறகு அவளிடம் நீட்டினான்.

அவள் வைத்துப் பார்த்தாள். சுற்றியிருந்த இரைச்சல் எல்லாம் எங்கோ ஒதுங்கிப்போக... ஒரு மெல்லிய ரீங்காரம். தேன் கூட்டுக்குள் காது வைத்ததுபோல. அடுத்த மெஷினில் வைத்தாள். மணலை மெல்லுவதுபோல் கரகரவென்றது.

“இது...?”

“சீக்கிரம் மாத்தணும்” என்று உதடசைத்தான்.

அவள் கண்கள் விரிந்தன. திருவிழாவில் தொலைந்து கிடைத்த பிள்ளையின் முகம்போல மலர்ந்த அந்த முகத்தைப் பார்த்தபடி சங்கிலி அப்படியே நின்றான். பக்கத்தில் ஒருவன் வந்து மூன்று தடவை கூப்பிட்டது அவனுக்குக் கேட்கவே இல்லை.

* * *

கார்த்திகை பிறந்தது. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த வியாழக்கிழமை வந்தது.

அன்புக்கரசி ஆபீசில் இருந்தாள். பிரிட்டோ ஓடி வந்தான்.

“மேடம்... மகேஸ்வரியை சார் எல்லாரு முன்னாடியும் ஏசிட்டாரு. அது அழுதுக்கிட்டே கேட்டத் தாண்டிப் போயிருச்சு.”

மகேஸ்வரி தாடிக்கொம்புப் பெண். பத்துப் பேரில் மெஷின் பக்கம் கேட்டு வாங்கிக்கொண்ட ஒரே பெண். ஒரு நட்டைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். இறுகிப்போயிருந்ததாம். ஸ்பேனரில் பைப்பைச் செருகி, முழு பலத்தையும் கொடுத்துத் திருகியிருக்கிறாள். தண்டின் முனையே ஒடிந்து கையோடு வந்துவிட்டது. மெஷின் அன்று முழுக்க நின்றது.

“டிகிரி வாங்கி என்னத்தக் கிழிச்ச? ஒரு நட்டக் கழட்டத் தெரியல...” சங்கிலியின் குரல் ஹால் இரைச்சலையும் மீறி எல்லோருக்கும் கேட்டிருக்கிறது.

மறுநாள் அவள் வரவில்லை. போனும் அணைந்திருந்தது. இன்னும் இரண்டு பேர் வேறு வேலை தேடுவதாகக் காற்றில் செய்தி வந்தது.

அன்புக்கரசி நேராகச் சங்கிலி முன்னால் போய் நின்றாள்.

“என்ன பண்ணி வச்சிருக்கீங்கன்னு தெரியுதா?”

“மெஷின ஒடச்சது நானா?” அவனும் நிமிர்ந்தான். “உங்களுக்கென்ன மேடம்... பதினோரு வருசத்துல எத்தன பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன் தெரியுமா? ஸ்பேனர எப்பிடிப் பிடிக்கணும்ங்கிறதுலேருந்து. அவனெல்லாம் இன்னிக்கு மேனேஜரு. நான் டிப்ளமோ. இங்கனயேதான் நிக்கிறேன். ஒருத்தன், ஒரே ஒருத்தன், எப்பிடி இருக்கீங்கன்னு போன் பண்ணதில்ல.”

“அதுக்கு மகேஸ்வரி என்ன பண்ணுவா? நீங்க டிகிரி படிக்காத ஆத்தாமைய அந்தப் பொண்ணு மேல காட்டுவீங்களா?”

சொல்லி முடித்த கணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொல் போய்விட்டது.

அவன் கண்களில் எப்போதும் உட்கார்ந்திருந்த சிரிப்பு எழுந்து போயிற்று. கையிலிருந்த துணியை மடித்து மேசையில் வைத்துவிட்டு ஹாலுக்குள் நடந்தான்.

வெள்ளி மாலையும் சனி மாலையும் ஐந்து மணிக்குக் கேன்டீனில் அன்புக்கரசி மட்டும் இருந்தாள். கேள்விச் சீட்டுகள் மேசையில் அப்படியே கிடந்தன. வீட்டில் அம்மா, “ஏண்டி, வெஞ்சனம் பிடிக்கலயா?” என்று கேட்டபோதுதான் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது தெரிந்தது.

நான் மட்டும் என்ன... அவன் எல்லார் முன்னாலும் சொன்னான். நான் தனியாகச் சொன்னேன். அவ்வளவுதானே வித்தியாசம்?

* * *

ஞாயிற்றுக்கிழமை. தன் ஊரான ரெட்டியார்சத்திரத்திலிருந்து கிளம்பி, திண்டுக்கல்லில் பஸ் மாறி, தாடிக்கொம்பில் இறங்கினாள். மறுபடியும் தூறல். பெருமாள் கோயில் தெருவில் மகேஸ்வரியின் அம்மா, பூக்கட்டுகிற சிவனம்மாள் வீடு என்று கேட்டதும் வழி காட்டினார்கள்.

வாசலில் ஆண் செருப்பு ஒன்று நனைந்துகொண்டிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் சங்கிலி. எதிரே சுவரில் சாய்ந்து மகேஸ்வரி. பூக்கூடையோடு அவள் அம்மா.

“...தப்பு உன் மேல இல்லம்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்த வீட்டுக்கு ஏற்ற சின்னக் குரலில். “எல்லா நட்டும் இடது பக்கம் திருகுனாக் கழரும். அது ஒண்ணு மட்டும் உல்டா மரை. வலது பக்கம் திருகணும். நீ கழட்டுறதா நெனச்சு இறுக்கியிருக்க. அதச் சொல்லிக் குடுத்திருக்க வேண்டியது நான். இன்ஜினியருக்குத் தெரியாதான்னு நானா நெனச்சுக்கிட்டேன்.”

மகேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். “அப்ப... எனக்கு வேலை தெரியாம இல்லையா சார்?”

“பத்தொம்போது வயசுல நானும் இதே முனைய ஒடச்சிருக்கேன். அன்னிக்கு ஒரு சூப்பர்வைசர் என்னய ஏசுன ஏச்சு இருக்கே... ராத்திரியெல்லாம் தூங்கல. இவர மாதிரி ஆகவே கூடாதுன்னு அன்னிக்கு நெனச்சேன்.” நிறுத்தினான். “ஆயிட்டேன். மன்னிச்சுக்கம்மா. எல்லாரு முன்னாடியும் ஏசுனேன். நாளைக்கு எல்லாரு முன்னாடியும் இதச் சொல்றேன். நீ வரணும்.”

சிவனம்மாள் கட்டிக்கொண்டிருந்த சரத்தைக் கீழே வைத்தாள். “எங்க வம்சத்துல மொதல்ல படிச்ச புள்ள இதுதான் தம்பி. மூணு நாளா நான் எதுக்குப் படிச்சேன்னு கேட்டு அழுவுது. எனக்கு என்ன சொல்லன்னு தெரியல. நீங்க வந்து சொல்லிட்டீங்க.”

அப்போதுதான் மகேஸ்வரி வாசலைப் பார்த்து, “மேடம்!” என்று கத்தினாள். சங்கிலி சட்டென்று எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

கிளம்பும்போது சிவனம்மாள் இரண்டு முழம் மல்லிகையை அன்புக்கரசியின் கையில் திணித்தாள். “வச்சுக்கம்மா. வெறுந்தலையோட அனுப்ப மாட்டேன்.”

பஸ் ஸ்டாப் வரை இருவரும் நடந்தார்கள். தகரக் கூரையின் கீழ் நின்றதும் அவள்தான் ஆரம்பித்தாள்.

“நான் அன்னிக்கு அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது.”

“பொய் ஒண்ணும் சொல்லலயே. ஆத்தாமை இருந்துச்சுதான். நீங்க சொன்னப்பத்தான் எனக்கே தெரிஞ்சது.”

“உண்மையா இருந்தாலும்... வலிக்கிற எடமாப் பாத்துச் சொன்னேன். அது தப்பு. மன்னிச்சிருங்க.”

அவன் ரோட்டைப் பார்த்தபடி நின்றான். காற்று தூறலைக் கூரைக்குள் தள்ளியது. அவள் தலையிலிருந்த மல்லிகை வாசம் ஈரத்தோடு எழுந்து வந்தது.

“ரெண்டு நாளா டீயே நல்லால்ல மேடம்” என்றான் மெதுவாக.

அவள் குனிந்துகொண்டாள். “எனக்கும்...”

* * *

திங்கட்கிழமை ஷிஃப்ட் தொடங்குமுன் பத்துப் பேரையும் சுற்றி நிற்கவைத்து, ஒடிந்த முனையைக் கையில் பிடித்துக்கொண்டு சங்கிலி எல்லாவற்றையும் சொன்னான். தான் ஒடித்ததையும் சேர்த்து. அதன் பிறகு சீட்டுகள் குறைந்தன. நேராகவே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். புது முனையை மாட்டியது மகேஸ்வரி.

தை பிறந்தது. மூன்று மாதம் முடிந்த அன்று கணக்கெடுத்தால் ஒன்பது பேர் இருந்தார்கள். பிரிட்டோ மட்டும் பேங்க் வேலை கிடைத்துப் போனான். போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலமே சங்கிலிக்குப் போன் வந்தது. “சார், எப்பிடி இருக்கீங்க?” அதை அவன் அன்புக்கரசியிடம் இரண்டு தடவை சொன்னான். இரண்டு தடவையும் முதல் தடவைபோலவே அவள் கேட்டாள்.

கமர்ஜஹான் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

“ட்ரெயினிங் இனி நிரந்தரம்மா. எம்.டி. ஒத்துக்கிட்டாரு. சங்கிலிய டெக்னிக்கல் ட்ரெயினராப் போட்டிருக்கேன். உனக்குக் கீழ. ஆர்டர் குடுத்து ரெண்டு நாளாச்சு, அவரு இன்னும் கையெழுத்துப் போட்டுத் தரல. என்னான்னு கேளு.”

அன்புக்கரசியின் மனம் சுருங்கியது. ரெண்டு நாளாக எதிரே உட்கார்ந்து டீ குடித்தானே... ஒரு வார்த்தை சொல்லவில்லையே. எனக்குக் கீழ் என்பதால்தானா? மறுபடியும் அந்தப் பழைய டிகிரி கணக்கா?

ஐந்து மணிக்குக் கேன்டீனுக்குப் போனாள். அவன் முன்னால் அந்தத் தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் பேனா. மூடி கழற்றாமல்.

“ஏன் கையெழுத்துப் போடல?”

அவன் தாளை இன்னொரு மடிப்பு மடித்தான்.

“என்கிட்ட வேலை பாக்குறது அம்புட்டுக் கேவலமா?”

“ஐயோ, அதில்லங்க.”

“பின்ன என்ன?”

சங்கிலி சுற்றிலும் பார்த்தான். கேன்டீனில் வேறு யாருமில்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, வியர்க்காத நெற்றியைத் துடைத்தான்.

“இதுல கையெழுத்துப் போட்டா நீங்க எனக்கு மேலதிகாரி. சரியா?”

“சரி.”

“மேலதிகாரிகிட்ட போய்... ஒரு விஷயத்த... சொன்னா அது தப்பாப் போயிரும். ட்ரெயினிங்ல நீங்களே அந்தப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க.”

“என்ன விஷயம்?”

“அதான்... கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி சொல்லிரலாம்னு ரெண்டு நாளா முயற்சி பண்றேன். வர மாட்டேங்குது.”

ஹாலையே அதட்டுகிற குரல் காற்றாகிப் போயிருந்தது. அவள் மெல்ல எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் கண்களைப் பார்த்தாள். பயமும் ஆசையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன அங்கே.

“சொல்லுங்க. கேக்குறேன்.”

“எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு.” ஒரே மூச்சில் சொன்னான். “நான் டிப்ளமோ. நீங்க எம்.பி.ஏ. அதெல்லாம் யோசிக்காம இல்ல. யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், பிடிச்சது கொறையவே இல்ல. உங்களுக்கு இஷ்டமில்லன்னா ஒண்ணுமில்ல... இந்தா, இப்பவே கையெழுத்துப் போட்டுர்றேன். நாளைலேருந்து நான் உங்களுக்கு ட்ரெயினர் மட்டுந்தான். ஒரு வார்த்த பேச மாட்டேன்.”

அவசரமாகப் பேனாவைத் தேடினான். அதை அவள் முன்பே எடுத்திருந்தாள்.

மூடியைக் கழற்றி, தாளைப் பிரித்தாள். ‘அன்புக்கரசி, ட்ரெயினிங் ஆபீசரின் கீழ்’ என்ற வரியை மெதுவாக அடித்தாள். மேலே ‘கமர்ஜஹான், பர்சனல் மேனேஜர்’ என்று எழுதினாள்.

“மேடம்கிட்ட நான் பேசிக்கிறேன். காரணம் கேப்பாங்க... சொல்லிருவேன்.”

“என்ன... என்னன்னு சொல்வீங்க?”

அவள் தாளை அவன் பக்கம் தள்ளினாள். நிமிர்ந்தபோது கண்ணோரம் ஈரம் பளபளத்தது.

“கட்டிக்கப் போறவருக்கு நான் எப்பிடி மேடம் மார்க் போடுறதுன்னு கேப்பேன்.”

அவன் பேச வாயெடுத்து, முடியாமல், சிரித்து, மறுபடியும் வாயெடுத்தான்.

“ஞாயித்துக்கிழமை ரெட்டியார்சத்திரம் வாங்க” என்றாள் அவளே. “எங்கப்பா கருப்பணன் கொஞ்சம் கோவக்காரரு. மொதல்ல மொறைப்பாரு. நீங்க பயந்து பாதில ஓடிரக் கூடாது.”

“எத்தன ஞாயித்துக்கிழமைன்னாலும் வாரேங்க.”

“இன்னும் என்ன ‘ங்க’?”

“...அன்பு” என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.